ஓர் அறை, இரண்டு வாசல்

வணக்கம் சார்,

யூஸ்நெட் என்ற பழைய கணினி உரையாடல் வலையின் செய்திக்குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் உயிரியலில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் துறையில் மடலாடற்குழுக்கள் இன்றும் ஓடுகின்றன, செய்திக்குழு என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. யாரும் வந்து படிக்கலாம் என்பது அறிவியலுக்கு நல்லதுதானே, பிறகு ஏன் அது தோற்றது?

அன்புள்ள தோழிக்கு,

தோற்றது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மடலாடற்குழுவில் நீங்கள் ஒன்று எழுதினால் பட்டியலில் இருக்கிற அத்தனை பேர் பெட்டியிலும் அதன் பிரதி போய் விழும். செய்திக்குழுவில் மடல் யாரையும் தேடிப் போகாது. கல்லூரி சர்வரில் ஒரே பிரதி வந்து கிடக்கும், வேண்டியவர்கள் போய்ப் படித்துக்கொள்ளலாம், சில நாளோ சில வாரமோ கழித்து இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார்கள். இணைப்பு மெதுவாகவும் கணினி வட்டு விலை கூடியதாகவும் இருந்த காலத்தில் அந்த ஒற்றைப் பிரதி பெரிய சிக்கனம். ஆனால் உங்கள் நிறுவனம் செய்திக்குழுக்களைத் தன் சர்வரில் வரவழைத்து வைக்கவில்லை என்றால் உங்களுக்கு ஒன்றுமே கிடையாது, மின்னஞ்சல் மட்டும்தான்.

இதற்கு அழகான வழி கண்டவர்கள் உங்கள் துறைக்காரர்களே. பயோசை என்ற ஏற்பாட்டில், உயிரியலுக்கான பயோநெட் குழுக்களின் மடல்கள் யூஸ்நெட்டிலும் வந்தன, அதே மடல்கள் மின்னஞ்சலிலும் வந்தன. ஓர் அறைக்கு இரண்டு வாசல். அதில் செய்முறைகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் என்றே ஒரு குழு. பிசிஆர் வரவில்லை, ஜெல்லில் பட்டை மங்கலாகத் தெரிகிறது, என்ன செய்வது என்கிற மாதிரி கேள்விகளுக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ யாரோ பதில் சொல்வார். ஆய்வுக் கட்டுரையில் யாரும் எழுதாத கைப்பக்குவம் அது.

சரி, திறந்த கதவுக்கு வருவோம். இயற்பியலுக்கான சை.பிசிக்ஸ் குழுவில் ஐன்ஸ்டைனைத் தவறென்று நிரூபித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க, ஆராய்ச்சிப் பேச்சுக்கு என்று, மட்டுறுத்துநர்கள் பார்த்து அனுமதித்த மடல்கள் மட்டும் வரும் தனிக்குழுவே தொடங்க வேண்டியதாயிற்று. கணிதவியலாளர் ஜான் பாயஸ் அதன் மட்டுறுத்துநர்களில் ஒருவர். 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர்கள் இருவர் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் கொட்டினார்கள், அப்புறம் அந்த வெள்ளம் வடியவே இல்லை. மடலாடற்குழுவில் பெயர் கொடுத்துச் சேர வேண்டும், நிர்வாகி ஒருவர் இருப்பார், தொல்லை கொடுத்தால் தூக்கிவிடுவார். 1991-இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் தொடங்கிய கணினி வேதியியல் மடலாடற்குழுவுக்கு நீண்ட ஆயுள் கிடைத்ததற்கு, பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததுதான் காரணம் என்பேன். சேர்வதில் இருந்த அந்தச் சின்னச் சிரமம்தான் வேலி.

ஆனால் அந்த ஒற்றை ஆள்தான் ஆபத்தும். அப்படிப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத செய்திக்குழுக்களின் மடல்களை 1995-இல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் சேமிக்கத் தொடங்கியது, 2001-இல் கூகுள் அந்தச் சேமிப்பை வாங்கியது. 2024 பிப்ரவரியோடு கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டிலிருந்து புதிய மடல்களை எடுப்பதை நிறுத்தினாலும், பழையவற்றை இன்னும் தேடிப் படிக்கலாம். நான் பல வருடம் இருந்த ஒரு மடலாடற்குழுவோ, அதை நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்று அவர் துறையில் சர்வரை மாற்றியபோது, மொத்த மடல்களோடு ஒரே நாளில் காணாமல் போனது. என் பெட்டியில் தங்கிய நானூறு சொச்சம்தான் மிச்சம், அதிலும் பாதி நான் எழுதியது.

உங்கள் குழுவின் பழைய மடல்கள் எந்த சர்வரில் இருக்கின்றன, வேறு யாரிடமாவது பிரதி இருக்கிறதா என்று நிர்வாகியிடம் ஒரு வரி கேட்டு எழுதுங்கள்.