3-இல் தொடங்கும் போன் நம்பர்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். பில் புத்தகத்தின் பின்னட்டையில் 3816547290 என்று எழுதியிருந்தது. யாரோ பாக்கிக்காரர் நம்பர் என்று அடித்துப் பார்த்தேன், போகவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் எழுதியதாம். "உலகத்திலேயே இப்படி ஒரே ஒரு நம்பர்தான்ப்பா" என்கிறாள். இத்தனை கோடி எண்களை யார் சரிபார்த்தார்கள்?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

போயிருந்தால்தான் ஆச்சரியம். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும்.

மகள் சொன்னது சரி. 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் அதில் ஒரே ஒரு முறை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், இப்படியே போய் முழு எண்ணும் பத்தால். 3816547-ஐ ஏழால் வகுத்தால் 545221, மீதி இல்லை.

இலக்கம் திரும்ப வராத பத்திலக்க எண்கள் மொத்தம் 32,65,920. கோடி இல்லை, ஆனாலும் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வருஷக்கணக்கில் ஆகும். எழுதவும் வேண்டாம். ஒருமுறை காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே போட்டு முடித்தேன்.

பத்தாம் இடம் 0. அப்படியானால் ஐந்தாம் இடத்துக்கு 5-ஐ விட்டால் ஆளில்லை. 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டைப்படை, மற்றவற்றில் ஒற்றைப்படை. அப்புறம் நான்காம் இடத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் நிற்பது ஒற்றைப்படை. 14, 38 எல்லாம் நான்கால் போகாது, 12, 36 போகும். ஆகவே அங்கே 2 அல்லது 6. எட்டாம் இடத்திலும் இதே கதை. 4-க்கும் 8-க்கும் இரண்டாம், ஆறாம் இடங்கள்தான் மிச்சம். முதல் மூன்று இலக்கமும் முதல் ஆறு இலக்கமும் மூன்றால் வகுபட வேண்டுமே, அதனால் நடுவில், 4, 5, 6-ஆம் இடங்களில், 258 அல்லது 654 மட்டுமே உட்கார முடியும். முதல் மூன்று இலக்கம் மூன்றால் போகிறதா, முதல் எட்டு இலக்கம் எட்டால் போகிறதா என்று இன்னொரு தரம் கேட்டால், லட்சங்கள் காணாமல் போய் பத்தே பத்து எண் மிஞ்சும்.

ஏழு எப்போதுமே வம்பு பிடித்தது. குறுக்குவழி தேடுவதைவிட நேராக வகுப்பது சுலபம். வகுத்தேன். ஒன்பது தோற்றன.

தோற்றதில் ஒன்றைத்தான் எனக்கு விட மனசில்லை. உங்கள் கல்லாவில் கால்குலேட்டர் இருக்குமே, அதில் 7-இல் விரலை வையுங்கள். கீழே 4, 1. பக்கத்தில் 2, மேலே 5, 8. பக்கத்தில் 9, கீழே 6, 3. தறியில் நாடா போய்வருவது போலத்தான். கடைசியில் ஒரு 0. 7412589630 எல்லா இடத்திலும் தேறும். 7412589-ஐ ஏழால் வகுக்கும்போது மட்டும் மீதி 2.