அந்தப் பழக் கட்டுரையை நம்பலாமா?

கேள்வி: ஒரு வார இதழில் ‘சத்துள்ள பத்துப் பழங்கள்’ என்று நாலு பக்கக் கட்டுரை வந்தது, வெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆப்பிளுக்கு முதலிடம், கொய்யாவுக்கு எட்டாவது. சாதாரண திராட்சையை விட உலர் திராட்சையில் நாலு மடங்கு பொட்டாசியம், தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள் என்கிறார்கள். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரையும் உண்டு. படித்த நாளிலிருந்து திராட்சை டப்பாவும் கையுமாக இருக்கிறார். இந்த மாதிரிக் கட்டுரை தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: முதலில் அந்த டப்பாவை எடுத்து வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நாலு பக்கத்தையும் பென்சிலை வைத்துக்கொண்டு படித்தேன். பொய் என்று அடிக்க வேண்டிய வரி குறைவுதான், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாலு மடங்கு என்பது உண்மை. ஆனால் அது எப்படி வந்தது? திராட்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர், காய வைத்தால் தண்ணீர் போய்விடுகிறது, அதே சத்தும் அதே சர்க்கரையும் சின்ன இடத்தில் சுருங்கி நிற்கிறது. 100 கிராமுக்கு 100 கிராம் என்று ஒப்பிட்டால் நாலு மடங்கு வரத்தான் செய்யும். சர்க்கரையும் அதே கணக்கில் ஏறியிருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை?

அடுத்தது அந்த முதலிடம். எதில் முதலிடம் என்று ஒரு வரிகூட இல்லை. வைட்டமின் சி என்றால் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, ஆப்பிளில் 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். அப்படிப் பார்த்தால் நேதாஜி மார்க்கெட்டில் குவித்து வைத்திருக்கும் கொய்யாதான் மேலே வர வேண்டும். ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் உங்கள் அம்மாவுக்கு அதே கொய்யா ஆகாமல் போகலாம், அந்த விஷயத்தில் ஆப்பிள்தான் சாது. யாருக்கு என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடுவதில் அர்த்தமே இல்லை, கட்டுரையின் பெரிய ஓட்டை அதுதான்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் நம் நாட்டு உணவுகள் 528-க்குச் சத்து அட்டவணை போட்டிருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்து எழுதியவர் அதன் பெயரைச் சொல்லியிருப்பார். இதிலோ ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று ஏழு இடத்தில் வருகிறது, எந்த ஆய்வு, யார் செய்தது, ஒரு இடத்திலும் காணோம்.

அளவும் இல்லை. அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்குப் பழம் 100 கிராம் என்றுதான் இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து வரும் சீத்தாப்பழத்தில் தோலும் கொட்டையும் போக 100 கிராம் சதை எடுத்துப் பாருங்கள், ஒரு சின்னக் கிண்ணம் நிறையாது, ஆனால் அதில் மாவுச்சத்தும் இனிப்புமாக 20 கிராமுக்கு மேல் இருக்கும். சர்க்கரைக்காரர் வீட்டில் படிக்கிற கட்டுரையில் முதலில் எழுத வேண்டியது இதைத்தானே! கிவி, டிராகன் பழத்துக்கெல்லாம் பாதிப் பக்கம் ஒதுக்கியவர்கள் சீத்தாவையும் நாவலையும் பெயருக்குக்கூடச் சொல்லவில்லை, எனக்கு அதிலும் வருத்தம்தான்.

அடுத்த முறை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, இந்தக் கட்டுரையையும் கையில் எடுத்துப் போங்கள். எந்தப் பழம், எத்தனை துண்டு என்று அம்மா எதிரிலேயே கேளுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார்.