சங்கிலி சரி, அது எதில் தொங்குகிறது?

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

(பதில் சொல்பவர் திருச்சி துவாக்குடி ஃபேப்ரிகேஷன் யார்டுகளில் 34 வருடம் ரிகராகவும் (கனமான பொருளைக் கட்டித் தூக்கி இறக்குபவர்) ரிக்கிங் ஃபோர்மேனாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஓசூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏலத்தில் பழைய 6 அடி லேத் ஒன்று எடுத்தேன். ஒரு டன் இருக்கும் என்கிறார்கள். இறக்குவதற்காக 1 டன் செயின் பிளாக்கும் (கைச் சங்கிலியை இழுத்துக் கனத்தைத் தூக்கும் கருவி) வாங்கிவிட்டேன். ஷெட் கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ்ஸில் மாட்டி இறக்கிக்கொள்ளலாமா? எங்கள் சந்துக்குள் மினி லாரி வரும், ஹைட்ரா கிரேன் வராது.

பதில்: கூடாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி "எத்தனை டன் பிளாக் வாங்கலாம்?" என்றுதான் கேட்கின்றன. அது எதில் தொங்கப்போகிறது, அதைத் தாங்கும் கால் எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிளாக் தயாரிக்கிறவர் சோதித்துத்தான் அனுப்புகிறார். உங்கள் டிரஸ்ஸை யார் சோதித்தார்கள்? ஷீட்டின் எடையையும் காற்றையும் நினைத்துப் போட்ட டிரஸ் அது. அதன் கீழ் ஆங்கிளில், ஜாயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு டன்னைத் தொங்கவிட்டால் ஆங்கிள் வளையும். அது வளையும்போது இரண்டு பக்கத் தூணையும் உள்ளே இழுக்கும். லேத்தின் எடை மட்டும் அங்கே விழவில்லை என்பதையும் கவனியுங்கள். பிளாக்கின் எடை, லேத்தைச் சுற்றிக் கட்டித் தூக்கும் பெல்ட்டின் எடை, கீழே நின்று நீங்கள் சங்கிலியை இழுக்கிற பலம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே புள்ளியில்தான் விழுகிறது.

அப்புறம், "ஒரு டன் இருக்கும்." யார் சொன்னது? லேத்தின் தகட்டில் எடை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லாரி ஏற்றப் போகும்போது எடை மேடையில் காலியாக ஒரு சீட்டு, ஏற்றி வரும்போது ஒரு சீட்டு. கழித்தால் லேத்தின் எடை. அது 1,150 கிலோ என்று வந்தால் நீங்கள் வாங்கிய பிளாக் உதவாது. 150 கிலோதானே என்கிற பேச்சு வேண்டாம். 2 டன் பிளாக்காக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

சந்துக்குள் போக ஏற்றது கழற்றி மாட்டும் கேன்ட்ரிதான். இரண்டு பக்கமும் 'ஏ' எழுத்து மாதிரி கால், மேலே குறுக்கே ஒரு பீம், பீமில் ஓடும் டிராலி, அடியில் சக்கரம். வாடகைக்குக் கிடைக்கிறது. உயரத்தை மட்டும் முதலிலேயே கணக்குப் போடுங்கள்: லாரித் தட்டு 4 அடி, லேத் 4 அடி, பெல்ட் முக்கோணமாக நிற்க 2 அடி, பிளாக்கின் மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் நடுவே எப்படியும் ஒரு அடிக்கு மேல். ஆக பீம் 12 அடியில் இருந்தால் நிம்மதி. பத்தடிக் கேன்ட்ரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாயங்காலம் வரை லாரிக்காரரிடம் திட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

லேத் நடுவில் எடை இல்லை. ஹெட்ஸ்டாக், அதாவது சுழலும் தலைப்பாகம் இருக்கும் பக்கம்தான் கனம். நகரும் பாகங்களான கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளி லாக் பண்ணுங்கள், கொக்கியை ஹெட்ஸ்டாக் பக்கமாக நகர்த்துங்கள். பெல்ட் போடும்போது லேத்தின் நீளத்துக்கு ஓடும் கம்பிகளான லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் அதற்குள் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை வளைந்துவிட்டால் ஏலத்தில் மிச்சம் பிடித்த காசு போச்சு. இரண்டு இன்ச் தூக்கி நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் வெறுமனே பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். சாயாமல் நின்றால் லாரியை மெதுவாக வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு நேராக இறக்குங்கள். சுமை தொங்கும்போது கேன்ட்ரியை உருட்டக் கூடாது. சக்கரம் இருக்கிறதே என்பீர்கள். அது காலிக் கேன்ட்ரியை நகர்த்துவதற்கு. சிமென்ட் தரையில் ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கினால் போதும், மேலே தொங்குவது ஊஞ்சல் ஆடும்.

தரைக்கு வந்த பிறகு தூக்கவே வேண்டாம். ஒரு ஜாக்கி, இரண்டு கடப்பாரை, நாலு பைப். பைப் மேல் உருட்டியே பட்டறையின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். பின்னால் வெளிவரும் பைப்பை எடுத்து முன்னால் வைப்பவர் அதை நடுவில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். நுனி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பிடித்தால் விரல் மிஞ்சாது.

கேள்வி: கரூரில் பஸ் பாடி கட்டும் யார்டு. எங்கள் செயின் பிளாக் கொஞ்ச நாளாகச் சுமையோடு தானாகவே மெல்ல இறங்குகிறது. இத்தனைக்கும் போன மாதம்தான் கழற்றி, உள்ளே நன்றாக கிரீஸ் வைத்து மாட்டினோம்.

பதில்: அந்த கிரீஸ்தான். செயின் பிளாக்கின் பிரேக், தட்டும் தட்டும் உரசுவதால் பிடிப்பது. அங்கே எண்ணெய் பட்டால் வழுக்கும். கிரீஸ் பல் சக்கரத்துக்கு, எண்ணெய் சுமைச் சங்கிலிக்கு, பிரேக் தட்டு காய்ந்திருக்க வேண்டும். இதை அறியாமல் அன்போடு கிரீஸ் வைத்துக் கெட்ட பிளாக்குகள் ஏராளம். தெரிந்தவரிடம் கொடுத்து லைனிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கும்போது "டக் டக்" என்று கேட்கிறதா என்றும் கவனியுங்கள். அது பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் பல்லின் சத்தம். சத்தம் நின்றுவிட்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள்.

சொல்லவேண்டிய இன்னொன்று. 1 டன் பிளாக்கில் முழு எடையைத் தூக்க, கைச் சங்கிலியில் 30 கிலோ அளவுக்கு இழுப்பு போதும், ஒரு ஆள் வேலை. ஒருவரால் முடியவில்லை என்று இன்னொருவர் வந்து சேர்ந்து இழுத்தால், பிளாக் "எனக்கு மேல் போகிறது" என்று சொல்வதை இரண்டு பேரும் சேர்ந்து அடக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: மாமல்லபுரத்தில் சிற்பக் கூடம். 6 அடிக்கு 3 அடி, 2 அடி கனத்தில் கருங்கல் ஒன்று வந்திருக்கிறது. சவுக்கு மரத்தில் முக்காலி நட்டு, 2 டன் செயின் பிளாக்கில் தூக்கலாம் என்கிறார் அண்ணன். முக்காலி மணலில்தான் நிற்கும்.

பதில்: அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 6 × 3 × 2 என்றால் 36 கன அடி. கருங்கல் கன அடிக்கு சுமார் 76 கிலோ. பெருக்கினால் 2,700 கிலோவைத் தாண்டுகிறது. 2 டன் பிளாக் கிட்டேயே வரக்கூடாது. 3 டன் கணக்குக்குச் சரி. ஆனால் பிளந்து வந்த கல்லில் அளவுக்கு மேல் பிதுங்கல் இருக்கும், அதனால் நான் 5 டன்தான் மாட்டுவேன். கால்களுக்குச் சவுக்கு வேண்டாம், கனமான இரும்புக் குழாயில் இந்த எடைக்கென்று செய்த முக்காலி வேண்டும். உள்ளே எங்கே கணு, எங்கே வெடிப்பு என்று மரம் சொல்லாது.

முக்காலி சாதுவாக நிற்பதுபோல் தெரியும். சுமை ஏறியதும் ஒவ்வொரு காலும் வெளியே உதைக்கும். கால்கள் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், உங்கள் கல்லுக்கு ஒவ்வொரு காலின் அடியிலும் சுமார் அரை டன் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. மூன்று காலையும் அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்டுவது அதற்காகத்தான். மணலில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான ஸ்லீப்பர் கட்டை போட்டு, கால் அதன்மேல் நழுவாதபடி தடுப்பும் வைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் புதைந்தாலும் உச்சி அந்தப் பக்கம் போய்விடும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கல் பாலிஷ் யார்டு, தரை முழுக்கத் தண்ணீர். தள்ளுவண்டி உள்ளே போக இடைஞ்சல் என்று கால்களைச் சுற்றிய சங்கிலியை அவிழ்த்தோம். அவிழ்த்தவன் நான்தான். கல் தரையை விட்டு ஒரு முழம் எழுந்தபோது ஒரு கால் வழுக்கியது. நான் கல்லைக் கட்டிய ஸ்லிங்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பழைய கம்பிக் கயிறு, அங்கங்கே இழை அறுந்து முள்ளாக நிற்கும். கையை இழுத்தேன், கல்யாண மோதிரம் அந்த முள்ளில் மாட்டிக்கொண்டது. இடது கை மோதிர விரலில் மேல் கணு இன்று இல்லை. மனைவிக்கு அந்த மோதிரத்தைப் பற்றி இன்றுவரை வருத்தம் உண்டு.

கல்லைத் தூக்கிய பிறகு முக்காலிக்குக் கீழிருந்து பக்கவாட்டில் இழுக்காதீர்கள். காலைச் சுற்றிய சங்கிலியை அவிழ்க்காமலே லாரி பின்னால் வந்து இரண்டு காலுக்கு நடுவே நுழையும்படி முதலிலேயே முக்காலியை நடுங்கள். வண்டிதான் கல்லின் அடிக்கு வரவேண்டும். கல்லின் விளிம்பில் பழைய டயர்த் துண்டு வையுங்கள், வெறும் சாக்கு கிழிந்துவிடும். சிலை முடிந்து ஏற்றும்போது கையிலோ கழுத்திலோ பெல்ட் போடக்கூடாது என்று சிற்பிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: கோவையில் பம்ப் அசெம்பிளி யார்டில் சூப்பர்வைசர். 1 டன் வயலட் பெல்ட் இரண்டு போட்டு 1.5 டன் பேஸ் ஃபிரேமை (பம்ப் உட்காரும் அடிச்சட்டம்) தூக்கினோம். ஒரு பெல்ட் தையல் விட்டுவிட்டது. கணக்குப்படி 2 டன் தாங்க வேண்டாமா?

பதில்: பெல்ட்டை எவ்வளவு விரித்துக் கட்டினீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. இரண்டு பெல்ட்டும் நேர் செங்குத்தாக நின்றால்தான் பாதி பாதி. 1 டன் சுமையை இரண்டு பெல்ட்டில் கட்டினால், கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் 577 கிலோ, 45 டிகிரியில் 707, 30 டிகிரியில் முழுசாக 1,000. உங்கள் 1.5 டன்னுக்கு ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 45 டிகிரியிலேயே 1,060 தாண்டுகிறது. மேலே உயரம் போதவில்லை என்று பெல்ட்டைப் படுக்கவைத்துக் கட்டினால் இதுதான் நடக்கும். சுருக்குப் போட்டுக் கட்டினால் பெல்ட்டின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும், அதையும் சேருங்கள்.

நிறம் கேட்டவர்களுக்காக: வயலட் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10. வெயிலில் கிடந்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகிவிடும். தைத்திருக்கும் லேபிளைத்தான் நம்ப வேண்டும். லேபிள் இல்லாத பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள், யாராவது எடுத்து மாட்டுவார்கள். கத்தியால் இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

பம்ப் யார்டு என்பதால் ஒன்று. மோட்டார் தலையில் வளையம் மாதிரி இருக்கும் ஐ போல்ட் மோட்டாரைத் தூக்க மட்டும். பம்பும் பேஸ் ஃபிரேமும் மாட்டிய பிறகு அதே ஐ போல்ட்டில் கொக்கி போடுவதை உங்கள் ஊரில் நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: யார்டில் இருக்கும் பிளாக், பெல்ட், ஷேக்கிளுக்கு (பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் இரும்பு வளையம்) வருடா வருடம் டெஸ்ட் வேண்டுமா? முதலாளி வீண் செலவு என்கிறார்.

பதில்: 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், தாங்கும் எடை அதன்மேலேயே எழுதியிருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். வாய் விரிந்த கொக்கியைச் சூடுகாட்டிச் சுத்தியால் அடித்து மூடுகிற வழக்கம் உங்கள் யார்டில் இருந்தால், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் டிராக்டர் மெக்கானிக். ஜாக்கி போட்டுத் தூக்கி, செங்கல் அடுக்கி, அடியில் படுத்து வேலை செய்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாரோ என்னவோ. - திண்டுக்கல் வாசகி

பதில்: இந்தப் பக்கத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், தங்கச்சி. ஐயா, ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. அதற்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது விலை பெறாத ஒரு ரப்பர் வாசர். அது போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. செங்கல் அதைவிட மோசம், மரக்கட்டை நசுங்கும்போது முனகும், செங்கல் ஒரே நொடியில் பொடியாகிவிடும். ஹாலோ பிளாக் பற்றிப் பேசவே வேண்டாம். பட்டறையில் ஸ்டாண்டு இல்லையென்றால் ஸ்லீப்பர் கட்டைகளை இரண்டு இரண்டாக, மாற்றி மாற்றிக் குறுக்கே அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கி உட்காரவைத்துவிட்டு ஜாக்கியைத் தளர்த்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. தேர் ஓடுகிற ஊர்க்காரருக்கு முட்டுக்கட்டையின் அருமை தெரியாமலா இருக்கும்.

கேள்வி: என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் 'கலாசி'யாக இருந்தார் என்பார்கள். அது என்ன வேலை?

பதில்: நான் செய்த வேலைதான், பெயர்தான் பழசு. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கனத்தைக் கட்டி இழுக்கிற, ஏற்றி இறக்குகிற ஆளுக்குக் கலாசி என்று பெயர். கேரளத்தில் பேப்பூர்ப் பக்கம், உரு என்ற பெரிய மரக்கப்பலைக் கட்டி நீரில் இறக்குகிற மாப்பிளைக் கலாசிகள் இன்னும் பெயர் பெற்றவர்கள். 1988 ஜூலை 8-இல் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பெட்டிகளை வெளியே எடுக்க அவர்கள்தான் வந்தார்கள். கையால் சுற்றும் வின்ச், கப்பி, கம்பிக் கயிறு, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க ஒரு பாட்டு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்வார். வாட்ச், கயிறு, மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது. விரல் போன அன்று நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உங்கள் தாத்தாவின் வேலைக்காலப் படம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து அவர் விரல்களைப் பாருங்கள். மோதிரம் இருக்காது.