கோல் அடித்தவர் பயிற்சியாளர் ஆகும்போது என்ன மாறுகிறது?

கால்பந்தில் முன்கள வீரர் என்றால் எதிரணியின் கோலுக்கு அருகே ஆடி, கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்டவர். பயிற்சியாளரானதும் பதினொரு பேருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எந்த நொடியில் பாய்வது என்பது அவர் காலுக்குத் தெரியும். அதை வாயால் சொல்வதுதான் கஷ்டம். நன்றாக வண்டி ஓட்டுபவர், கிளட்சை எப்போது விடுவது என்று புதியவருக்கு விளக்கத் திணறுவாரே, அப்படி. அதனால்தான் பலர் முதலில் இளையோர் அணி, அப்புறம் பயிற்சியாளர் உரிமத்துக்கான படிப்பு என்று போகிறார்கள்.

ஜெர்மனியின் யுப் ஹைன்கெஸ், அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லிகாவில் 220 கோல் அடித்தவர். பயிற்சியாளராக 1998-ல் ரியல் மாட்ரிட்டுக்கும் 2013-ல் பயர்ன் மியூனிக்குக்கும், ஐரோப்பிய கிளப் அணிகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்று கொடுத்தார். அருமையான சாதனை!

பெரிய வீரர்தான் பெரிய பயிற்சியாளர் ஆக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: தொழில்முறையாக ஆடியே இராத இத்தாலியப் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி, 1989, 1990 இரண்டிலும் ஏசி மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் அன்றைய பெயர்) வாங்கித் தந்தார்.