எண்டோஸ்கோபில நார்மல்னாங்க, அப்புறம் எதுக்கு பயாப்ஸி?

கேள்வி: வயசு 34, சின்ன வயசுலேருந்து வீசிங் உண்டு. ரெண்டு மாசமா சாப்பாடு நெஞ்சுக்குள்ள சிக்குற மாதிரியே இருக்கு, அசிடிட்டி மாத்திரைக்கும் அடங்கல. எண்டோஸ்கோபில பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு ஆறு இடத்துல சதை எடுத்திருக்காங்க. கேன்சரா இருக்குமோ டாக்டர்?

பதில்: பயாப்ஸின்னாலே கேன்சர்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம், அதை முதல்ல விடுங்க. சாப்பாடு சிக்குறதுக்கு உணவுக்குழாய் அழற்சி, அதாவது குழாயோட உள்சுவர் வீங்கி எரிச்சலாகுறது, காரணமா இருக்கலாம். அதுக்கு ரொம்ப சகஜமான காரணம் ஆசிட் மேல ஏறி வர்றதுதான், ஆனா உங்களுக்கு வீசிங் இருக்கு, சாப்பாடும் சிக்குதுன்னா அலர்ஜி வகையா இருக்கலாம்னு டாக்டர் யோசிச்சிருப்பாரு, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். இதுல ஈசினோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் குழாய் சுவர்ல வந்து குவியும், மைக்ராஸ்கோப்ல பெரிசாக்கிப் பாக்குறப்ப ஒரே பார்வைப் பரப்புல 15 அல்லது அதுக்கு மேல இருந்தா சந்தேகம் வலுக்கும். கண்ணுக்கு நார்மலா தெரிஞ்சாலும் உள்ள இருக்கலாம், அதுவும் திட்டுத்திட்டாத்தான் இருக்கும், அதனாலதான் ஆறு இடம்.

வேற காரணமும் உண்டு. டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்கு போடுற அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரைய தண்ணி பத்தாம முழுங்கிட்டு உடனே படுத்தா அங்கயே ஒட்டி புண்ணாக்கிடும் (இதை நிறைய பேர் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல!). எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு கேண்டிடா பூஞ்சை, ஹெர்பிஸ் வைரஸ் எல்லாம் வரும். வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்குறீங்களா? அதாலயும் பூஞ்சை வரலாம், மறக்காம சொல்லிடுங்க.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மெதுவா மென்னு சாப்பிடுங்க. சாப்பாடு அடைச்சு எச்சில்கூட இறங்கலன்னா, இல்ல ரத்த வாந்தி எடுத்தா, காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போயிடுங்க.