வாசகர் கேள்விகள்: இஸ்தான்புல் பள்ளிவாசல்கள்

ஆயா சோஃபியாவின் குவிமாடம் ஒருமுறை இடிந்தே விழுந்ததாமே, உண்மையா?
வாசகர், திருவல்லிக்கேணி

ஒருமுறை அல்ல. இன்று பள்ளிவாசல் என்றாலும், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 532-ல் தொடங்கி 537-ல் முடித்தபோது அது தேவாலயம். முதல் குவிமாடம் இப்போது இருப்பதைவிடத் தட்டை. குவிமாடம் தட்டையாக ஆக, தாங்கும் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை கூடும். போதாததற்கு அவசர வேலை: செங்கல்லுக்கு இடையே தடிமனாகப் போட்ட சுண்ணாம்புக் காரை இறுகும் முன்பே மேலே பாரம் ஏறிவிட்டது. 553, 557 நிலநடுக்கங்களில் விரிசல் கண்டு, 558 மே மாதம் விழுந்தது. கட்டடக் கலைஞர் இளைய இசிடோர் அதைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தி 562-ல் கட்டி முடித்தார். பாரம் பக்கவாட்டில் போகாமல் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. அப்படியும் 989-லும் 1346-லும் ஒவ்வொரு பகுதி விழுந்தது. பட்ட அடியெல்லாம் சேர்ந்து குவிமாடம் இன்று முழு வட்டமாக இல்லை. குறுக்கே ஒரு திசையில் அளந்தால் 31.2 மீட்டர், மறு திசையில் 30.9. இன்று அது நிற்பதில் கட்டடக் கலைஞர் சினான் 16ஆம் நூற்றாண்டில் வெளியே எழுப்பிய முட்டுச்சுவர்களுக்கும் பங்குண்டு.

எங்களுக்கு அங்கே ஒரே நாள்தான். எதைப் பார்ப்பது?
வாசகி, ராயபுரம்

நீலப் பள்ளிவாசல் என்று எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு சுலைமானியா பள்ளிவாசலுக்கு. 1550 முதல் 1557 வரை சினான் கட்டியது. குவிமாடம் தரையிலிருந்து 53 மீட்டர். நுழைந்ததும் மேலே அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் பக்கச் சுவர்களையும் பாருங்கள். பாரம் தாங்கும் முட்டுகளைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்து, நடுவில் மாடங்களை ஓடவிட்டு மறைத்திருக்கிறார். முட்டு இருப்பதே கண்ணில் படாது. எண்ணெய் விளக்குகளின் கரிப்புகை காற்றோட்டத்தோடு வாசலுக்கு மேலுள்ள சிறு அறைக்குப் போய்ப் படியும்படி செய்து, அந்தக் கரியை எழுத்து மைக்குப் பயன்படுத்தினார்கள். சுவரும் கறுக்கவில்லை, மையும் கிடைத்தது!

காலையில் டி1 டிராமில் சுல்தானஹ்மெத் இறங்கி ஆயா சோஃபியா, நீலப் பள்ளிவாசல். பிறகு அதே டிராமில் எமினோனு. அங்கே மசாலாச் சந்தையை ஒட்டிக் கடைகளுக்கு மேல் ருஸ்தம் பாஷா பள்ளிவாசல் இருக்கிறது. படிக்கட்டு வாசல் கடைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கிருந்து சுலைமானியாவுக்கு நல்ல மேடு. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்சி எடுப்பது உத்தமம்.

நீலப் பள்ளிவாசல் வெளியே சாம்பல் நிறமாகத்தானே இருக்கிறது?
வாசகர், அம்பத்தூர்

நீலம் உள்ளே. 1609-ல் தொடங்கிய கட்டடத்தில் இஸ்னிக் ஊரில் செய்த வண்ணச் சுவர் ஓடுகள் 20,000-க்கும் மேல். ஓடுகளின் விலையைச் சுல்தான் உயர்த்தவிடாமல் பிடித்து வைத்ததால் பிற்பாடு வந்த ஓடுகளில் நிறம் மங்கி, மெருகு குறைந்தது. உயர்ரக ஓடுகளோ மேல்மாடத்தில், கீழிருந்து எட்டாத தூரத்தில். ஓடுதான் ஆசை என்றால் ருஸ்தம் பாஷாவே மேல். அங்கே கைக்கெட்டும் உயரத்தில், தக்காளிச் சிவப்பு லேசாகப் புடைத்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். தொட வேண்டாம்.

கட்டணம், உடை பற்றிச் சொல்லுங்கள்.
வாசகி, மயிலாப்பூர்

ஆயா சோஃபியாவுக்கு மட்டும், 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ. மேல்மாடம் மட்டுமே அனுமதி. மற்ற மூன்றும் இலவசம். சுடிதாரும் துப்பட்டாவும் போதும். புடவை என்றால் இடுப்பு தெரியாமல் சால்வை போர்த்த வேண்டும். ஆண்களுக்கு முழங்கால் மறைய வேண்டும். செருப்புக்கு ஒரு துணிப்பை கையில் இருக்கட்டும். ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறுகையில் உதவும். ஐவேளைத் தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள். நீலப் பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை போவதானால் ஜும்ஆ முடிந்து இரண்டரை மணிக்குமேல் போங்கள்.