கொக்கி மூன்று வரிசையாக இருப்பது எதற்கு?

திருகோணமலை உப்புவெளியில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு வரும் பெண்களிடம், வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருப்பதைப் பெயரில்லாமல் துண்டுத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பிராவைப் பற்றித்தான். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் 11 ஆண்டுகள் பிரா தைத்தவள் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

அக்கா, ஒரு பிராவை எவ்வளவு காலம் அணியலாம்? என்னுடையது கிழியவில்லை.

கிழியும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் தளர்வது முதுகைச் சுற்றி வரும் பட்டியின் இலாஸ்டிக். மார்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்தப் பட்டிதான். கொக்கி மாட்ட மூன்று வரிசை வைத்துத் தைப்பது இதற்காகவே. புதிதாக வாங்கும்போது கடைசி வரிசையில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், மாட்டினாலே பட்டி இறுக்கமாக நிற்க வேண்டும். நாள் போகப் போக இலாஸ்டிக் நெகிழும், நீங்கள் உள்வரிசைக்கு வருவீர்கள். மிக உள்ளே இருக்கும் வரிசையில் மாட்டியும் பட்டிக்குள் இரண்டு விரலுக்கு மேல் தாராளமாக நுழைந்தால், கையை உயர்த்தும்போது பட்டி முதுகில் ஏறினால், அதன் காலம் முடிந்துவிட்டது. இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணிபவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வரும். ஒன்றையே தினமும் துவைத்து அணிந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

தோள்பட்டி நழுவுகிறது. இறுக்கி இறுக்கித் தோளில் தழும்பே விழுந்துவிட்டது.

தோள்பட்டியை விடுங்கள், முதுகுப் பட்டியைப் பாருங்கள். அது தளர்ந்தால் பாரம் முழுவதும் தோளுக்கு வரும். இறுக்க இறுக்கப் பட்டி முதுகில் இன்னும் மேலே ஏறும். தழும்பு விழும் அளவுக்குப் பொறுத்துக்கொண்டீர்களே என்பதுதான் எனக்கு வேதனை.

கம்பி வெளியே வந்து குத்துகிறது. தைத்துப் போடலாமா?

புதியதில் நுனித் தையல் மட்டும் விட்டிருந்தால் தைக்கலாம். பழையதில் கம்பி ஓடும் துணிக்குழாயே தேய்ந்திருக்கும். ஓரிடத்தை அடைத்தால் வேறிடத்தில் வரும். அதை மாற்றுங்கள்.

மகளின் வெள்ளைச் சீருடையோடு பிராவையும் குளோரினில் ஊறவைக்கிறேன். மஞ்சளாகிறதே?

உடனே நிறுத்துங்கள், தங்கச்சி. இலாஸ்டிக்கில் கலந்திருக்கும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் குளோரின் அரித்துவிடும். மஞ்சள் நிறமும் அதனால் வரலாம். குளிர்ந்த நீரில் கொஞ்சம் சவர்க்காரத்தூள் போட்டுக் கையால் அலசினால் போதும். முறுக்கிப் பிழியாமல் துவாய்க்குள் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். நிலாவெளியில் கடல் குளித்துவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

எங்கே காயப்போடுவது? வீட்டில் மாமனார், மைத்துனர் எல்லோரும் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி நான்கு தாளில் வந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால், சேலைக்கு அடியில், ஈரத் துவாய்க்குள் என்று ஒளித்து வைக்கிறோம். அங்கே காற்றே போகாது. மார்கழி மழைக் காலத்தில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த அரை ஈரத்தையே காலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் மார்புக்குக் கீழே வியர்வை தங்கித் தோல் சிவந்து அரிக்கிறது. அதையும் யாரிடமும் சொல்வதில்லை. துவைத்த உடுப்பு கொடியில் கிடப்பதில் என்ன குற்றம்? எனக்கு இதில் கோபமே வரும். மனம் ஒப்பவில்லையென்றால் அறையின் யன்னலோரம் ஒரு சிறு கொடி கட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே விரைவில் காய்ந்துவிடும். கடும் வெயில் இலாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால் நிழல்தான் நல்லதும். தோள்பட்டியில் தொங்கவிட்டால் ஈரப்பாரத்தில் பட்டி நீளும். நடுவில் மடித்துப் போடுங்கள். அரிப்பு மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பால் கொடுக்கிறேன். பழைய பிரா இறுக்குகிறது.

அணியாதீர்கள். இறுக்கம் பால் கட்டிக்கொள்ள இடம் தரும். முன்னால் திறக்கும் மென்மையான பருத்திப் பிரா வாங்குங்கள். மார்பில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே குடும்ப நல மாதுவிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள்.

கம்பி வைத்த பிராவால் புற்றுநோய் வருமா?

வராது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014 இல் வெளியான ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. கட்டியோ தோல் மாற்றமோ தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாலு வருடப் பிராதான் இருக்கிறது. பிள்ளைகளின் செலவு போகக் கையில் மிஞ்சுவதில்லை.

தெரியும். அதனால் மூன்று வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். இந்த மாதம் ஒன்று, இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. கடைக்குப் போகுமுன் அளவு நாடாவால் மார்புக்குக் கீழே சுற்றளவையும், மார்பின் உயர்ந்த இடத்தின் சுற்றளவையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிராவின் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். நாலு வருடத்தில் உங்கள் உடம்பும் மாறியிருக்கும். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் வகுப்பு முடிந்தபின் நில்லுங்கள், கதவைச் சாத்திவிட்டு நானே எடுத்துத் தருகிறேன்.